மனப்பாடம் மொழியோடு போகும், புரிதல் கூடவே வரும்

பள்ளி விட்டு வந்த பிள்ளை காலணியைக் கழற்றுவதற்குள் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எத்தனை மார்க்?" என்பதுதான். ஜெலாப்பாங்கிலும் அப்படித்தான், சிலிபினிலும் அப்படித்தான், நாட்டின் எந்தத் தாமானுக்குப் போனாலும் அப்படித்தான். பல்லாண்டு காலம் யு.பி.எஸ்.ஆர். தேர்வில் பெற்ற 'ஏ'க்களின் எண்ணிக்கையே ஒரு தமிழ்ப்பள்ளியின் தரத்தை அளக்கும் கோலாக இருந்தது. அந்தத் தேர்வு 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. கோல் போய்விட்டது. ஆனால், அளக்க வேண்டிய பொருள் அப்படியே இருக்கிறது. பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா, அல்லது நினைவில் மட்டும் நின்றதா என்பதே அந்தப் பொருள்.

இந்தக் கேள்வி தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் முக்கியமானது. ஆறாம் ஆண்டு வரை தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் கால் வைத்ததும் பாடமொழி மலாய்க்கு மாறுகிறது. தமிழில் வார்த்தை வார்த்தையாக உருப்போட்ட விடைகள் அந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன. புரிந்துகொண்ட கருத்து மட்டுமே பிள்ளையோடு உள்ளே போகிறது.

மொழி மாறினால் என்ன ஆகிறது?

'உராய்வு' என்றால் என்ன என்று கேட்டதும், "இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று உரசும்போது ஏற்படும் விசை" என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கும் மாணவனை எடுத்துக்கொள்வோம். இடைநிலைப்பள்ளியில் அதே பாடம் 'கெசேரான்' என்ற பெயரில் வரும். முன்பு மனனம் செய்தது ஒரு வாக்கியத்தை மட்டுமே என்றால், இப்போது அவன் புதிதாக இன்னொரு வாக்கியத்தை மனனம் செய்ய வேண்டும். உராய்வினால் வெப்பம் உண்டாகும், வழுக்கும் தரையில் உராய்வு குறையும், தேய்ந்த டயர் ஏன் ஆபத்து என்பதெல்லாம் ஏற்கெனவே புரிந்திருந்தால், அவன் கற்க வேண்டியது ஒரே ஒரு புதிய சொல். பின்னம் 'பெச்சாஹான்' ஆகும்போதும் இதே கதைதான்.

கனடாவைச் சேர்ந்த மொழிக்கல்வி அறிஞர் ஜிம் கம்மின்ஸ் இதைத்தான் விளக்கினார். இரு மொழிகளில் கற்கும் பிள்ளையின் மூளையில் இரண்டு தனித்தனிப் பெட்டிகள் இல்லை. அடியில் ஓடும் அறிவு ஒன்றே. தாய்மொழியில் ஆழமாகப் பதிந்த கருத்து, அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும் என்பது அவரது கருத்து. தாய்மொழியே தொடக்கக் கல்விக்குச் சிறந்த ஊடகம் என்று யுனெஸ்கோ 1953ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தியது. அந்த நன்மை தானாகக் கிடைத்துவிடாது. தாய்மொழியில் கற்பித்தும் வெறும் ஒப்பித்தலோடு நின்றுவிட்டால், அந்த வாய்ப்பு வீணாகிறது.

நம் நாட்டில் பாடமொழி பற்றிய கொள்கையும் அடிக்கடி மாறியிருக்கிறது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. அதனைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. அரசாங்கம் எந்த மொழியைத் தேர்ந்தெடுத்தாலும் பிள்ளையின் கையிலிருந்து பறிக்க முடியாத ஒன்று, அவன் உண்மையில் புரிந்துகொண்டதுதான்.

125 பாடங்களில் கண்டது

மலேசிய வகுப்பறைகளில் புரிதலுக்கு எவ்வளவு இடம் இருந்தது? இதற்குக் கல்வி அமைச்சின் 2013–2025 கல்வி மேம்பாட்டுத் திட்டமே ஒளிவுமறைவின்றிப் பதில் சொன்னது. 2011ஆம் ஆண்டில் உயர்கல்வித் தலைமைத்துவ அகாடமியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நாடு முழுவதும் 41 பள்ளிகளில் 125 பாடங்களை நேரில் அமர்ந்து கவனித்தனர். உயர்ந்த தரத்தில் நடந்தவை 12 விழுக்காடு மட்டுமே. 38 விழுக்காடு பரவாயில்லை என்ற நிலையில் இருந்தன. மீதிப் பாதி மனநிறைவு அளிக்கவில்லை. ஆசிரியர் பேச, மாணவர் கேட்டுக்கொண்டிருக்கும் பாடங்களாகவே அவை பெரிதும் இருந்தன. தகவலை நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதிலேயே கவனம் குவிந்திருந்தது.

அனைத்துலக ஆய்வுகளும் இதையே வேறு விதமாகச் சொல்லின. டிம்ஸ் எனப்படும் ஆய்வில் 1999இல் நம் மாணவர்கள் கணிதத்தில் 519 புள்ளிகள் பெற்று அனைத்துலகச் சராசரிக்கு மேல் இருந்தனர். 2011இல் அது 440க்கு இறங்கியது. 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பீசா ஆய்வில் 2018இல் கணிதப் புள்ளி 440. கோவிட் காலத்துக்குப் பிறகு 2022இல் அது 409. அந்த ஆண்டு வளர்ந்த நாடுகளின் சராசரி 472. இந்தத் தேர்வுகளில் சூத்திரத்தை நேரடியாகக் கேட்பது குறைவு. முன்பின் பார்த்திராத ஒரு சூழலைக் கொடுத்து, தெரிந்ததை அங்கே பொருத்திக் காட்டச் சொல்வார்கள். பலர் இடறுவது அங்கேதான்.

இதற்கு மருந்தாகவே 'உயர்நிலைச் சிந்தனைத் திறன்' என்ற சொல் பள்ளிகளுக்குள் வந்தது. ஆனால், கடையில் அதற்கும் பயிற்சி நூல் வந்துவிட்டது! சிந்தனைக் கேள்விக்கும் மாதிரி விடை அச்சிட்டு, அதையும் உருப்போட வைத்தால் அது சிந்தனையாகுமா?

மெனோரா இறக்கமே ஒரு பாடம்

ஆழமாகக் கற்பிப்பதற்கு விலை உயர்ந்த கருவிகள் தேவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஜெலாப்பாங்கைச் சுற்றிலும் பார்த்தால் பாடநூல் திறந்தே கிடக்கிறது.

கோலகங்சாரிலிருந்து மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டி நெடுஞ்சாலையில் வரும்போது, ஜெலாப்பாங் நோக்கிச் சாலை வெகுவாக இறங்குகிறது. அந்த இறக்கத்தில் கனரக லாரிகள் தாழ்ந்த கியரில் ஊர்ந்து வருவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். சில வேளைகளில் கருகிய வாடையும் வீசும். உராய்வுப் பாடத்தை இங்கிருந்து தொடங்கினால் உரையாடல் எப்படிப் போகலாம் என்று பாருங்கள்.

"இறக்கத்தில் லாரிக்காரர் ஏன் சின்ன கியர் போடுகிறார்?"

"மெதுவா போறதுக்கு, டீச்சர்."

"மெதுவாகப் போக பிரேக் போதாதா?"

ஒரு சிறு அமைதி. பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "ரொம்ப நேரம் மிதிச்சா சூடாயிடும், டீச்சர்."

"ஏன் சூடாக வேண்டும்? உள்ளங்கைகளை வேகமாகத் தேய்த்துப் பார்."

இப்போது வகுப்பே கைகளைத் தேய்க்கிறது. தொடர்ந்து பிரேக்கை அழுத்தினால் உராய்வினால் வெப்பம் கூடுகிறது. வெப்பம் அளவு மீறினால் பிரேக் பிடிப்பை இழக்கிறது. தாழ்ந்த கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்த உதவுகிறது. இதைப் பிள்ளைகளே சொல்லும்வரை ஆசிரியர் பொறுத்திருந்தால், வரையறையை ஒப்பிக்கச் சொல்ல வேண்டிய அவசியமே வராது. இடைநிலைப்பள்ளியில் 'கெசேரான்' என்று கேட்டதும் அந்தப் பிள்ளையின் மனத்தில் லாரி ஓடும்.

கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களும் இப்படியே. டூலாங் தட்டில் மணலையும் நீரையும் சுழற்றி ஈயம் அரித்த பெண்களின் பேரப்பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் உண்டு. மணல் ஓடிவிட, ஈயத்தாது மட்டும் ஏன் தட்டின் அடியில் தங்கியது? ஈயத்தாது நீரைப்போல் சுமார் 7 மடங்கு அடர்த்தி கொண்டது. சாதாரண மணல் சுமார் 2.6 மடங்கு. அடர்த்தி என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எந்த வெளிநாட்டு நூலில் கிடைக்கும்?

பாட்டி பால்மரம் வெட்டியவர் என்றால் அவரும் ஓர் ஆசிரியரே. ஏன் விடியுமுன் மரம் வெட்டப் போனார்கள்? குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலைகள் வழியே நீர் வெளியேறி அந்த அழுத்தம் குறைந்துவிடும். பாலில் அமிலம் சேர்த்தால் உறைகிறது, அமோனியா சேர்த்தால் உறையாமல் நிற்கிறது. ஏன்? தோட்டத்து அனுபவம் வீட்டில் வெறும் பழங்கதையாகப் போவதற்குப் பதிலாக, வகுப்பறையில் அறிவியலாக மாறலாம். "பாட்டியைக் கேட்டு வா" என்பதைவிடச் சிறந்த வீட்டுப்பாடம் இருக்க முடியுமா?

மூன்று விநாடி பொறுமை

நல்ல கேள்வி கேட்டால் மட்டும் போதாது, பதிலுக்குக் காத்திருக்கவும் வேண்டும். அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து வியப்பான ஒன்றைக் கண்டார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார். அதற்குள் பதில் வராவிட்டால் வேறொருவரைக் கேட்கிறார் அல்லது தாமே சொல்லிவிடுகிறார். அந்த ஒரு விநாடி மூன்று விநாடியானபோது பதில்கள் நீண்டன. "தெரியாது" என்பது குறைந்தது. அதுவரை வாய் திறக்காத மாணவர்களும் பேசினர். மாணவர்களே கேள்வி கேட்கத் தொடங்கினர்.

மூன்று விநாடிக்கு எந்தச் செலவும் இல்லை. ஆனால், பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் இருக்கும் ஆசிரியருக்கு அந்த மௌனம் நீண்டதாகத் தோன்றும். பத்துப் பயிற்சிகளில் நான்கைக் குறைத்து, ஒரு கேள்வியை முழுமையாக விவாதிக்கும் துணிவு வேண்டும்.

பெரிய பல்கலைக்கழகங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர், தம் மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டுவிடுவதைக் கண்டு திருப்தியாக இருந்தவர். பிறகு மிக எளிய கருத்துக் கேள்விகளைக் கொடுத்தார். கனமான லாரியும் சின்னக் காரும் மோதினால், எது எதன்மீது அதிக விசை செலுத்தும் என்பது போன்ற கேள்விகள் அவை. நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பித்தவர்களே தடுமாறினார்கள். இரண்டு விசையும் சமம்தான். காரின் நிறை குறைவு என்பதால் சேதம் அதற்கு அதிகம். நீங்கள் கற்பித்தபடி பதில் எழுதவா, நான் வழக்கமாக நினைப்பதுபோல் எழுதவா என்று ஒரு மாணவர் கேட்டாராம்!

மஸூர் 1991இல் தம் முறையை மாற்றினார். கேள்வி ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்து, மீண்டும் விடை சொல்ல வேண்டும். இப்போதுதான் புரிந்துகொண்ட மாணவனுக்கு, புரியாதவன் எங்கே தடுக்கி விழுகிறான் என்பது ஆசிரியரைவிட நன்றாகத் தெரிகிறது. இருபது பேர் கொண்ட தமிழ்ப்பள்ளி வகுப்பில் இதைச் செய்ய எந்த இயந்திரமும் வேண்டாம். விரல்களைக் காட்டச் சொன்னாலே போதும்.

ஆசிரியருக்குப் புரிந்திருக்க வேண்டும்

கணிதத்தில் ஒரு சோதனை. ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால் என்ன விடை? பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கினால் மூன்றரை. சரி, இந்தக் கணக்குக்கு ஒரு கதை சொல்லுங்கள் என்றால்?

லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட நூலில், இதே கேள்வியை அமெரிக்க ஆசிரியர்களிடமும் சீன ஆசிரியர்களிடமும் கேட்டதை எழுதியிருக்கிறார். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் ஒருவர் மட்டுமே கருத்துப் பிழையில்லாத கதை சொன்னார். சீன ஆசிரியர்கள் 72 பேரில் 65 பேர் சொல்லிவிட்டனர். இத்தனைக்கும் சீன ஆசிரியர்கள் கல்லூரியில் படித்த ஆண்டுகள் குறைவு. அவர்கள் பள்ளியிலேயே ஒன்றாக அமர்ந்து பாடங்களை அலசிப் பழகியவர்கள்.

நம் சமையலறையில் கதை தயாராக இருக்கிறது. ஒன்றே முக்கால் கிலோ மாவை அரைக் கிலோ பொட்டலங்களாகக் கட்டினால் மூன்று பொட்டலமும் ஒரு பாதிப் பொட்டலமும் வரும். வகுத்த பிறகு விடை ஏன் பெரிதானது என்பதும் இங்கே விளங்கிவிடுகிறது. பலர் பாதிப் பொட்டலத்தைக் கால் கிலோ என்று கண்டு, மூன்றேகால் என்று சொல்வார்கள். அந்தத் தவற்றைப் பலகையில் எழுதி, "இவர் எப்படி யோசித்திருப்பார்?" என்று வகுப்பைக் கேட்டால் அதுவே அன்றைய சிறந்த பாடம்.

ஜப்பானிய ஆசிரியர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவதும் இதுதான். சிலர் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் கற்பிப்பார், மற்றவர்கள் மாணவர்களைக் கவனிப்பார்கள். பிறகு எங்கே புரிந்தது, எங்கே புரியவில்லை என்று பேசுவார்கள். குறை சொல்வதற்கு ஆசிரியரைத் தேடாமல் பாடத்தைத் திருத்துவார்கள். 150 மாணவர்களுக்கும் குறைவான சிறிய பள்ளிகள் பேராக்கில் பல உண்டு. ஒரு பாடத்துக்கு ஓரிரு ஆசிரியர்களே உள்ள அத்தகைய பள்ளிகள், அண்டைப் பள்ளிகளோடு சேர்ந்து இதைச் செய்யலாம்.

தமிழகம் சொல்லும் பாடம்

தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய முறையே அதற்கு முன்னோடி. பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன. கரும்பலகை பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு, ஏணிப்படிபோல் தத்தம் வேகத்தில் கற்றார்கள். 2007–2008இல் அது மாநிலம் முழுதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் பரவியது.

வரிசையாக உட்கார்ந்து கோரஸாகச் சொல்லும் வகுப்பறையை அரசுப் பள்ளியிலும் மாற்ற முடியும் என்பதை அது காட்டியது. ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்டையை முடித்தாயா என்று மட்டும் பார்த்தால் அட்டையும் இன்னொரு பயிற்சி நூல்தான். இந்த அட்டை என்ன சொல்கிறது, வேறு எங்கே இதைப் பார்த்தாய் என்று கேட்கும் ஆசிரியர் பக்கத்தில் இருந்தால்தான் அதற்கு உயிர் வரும்.

மனனம் பகையா?

அப்படியானால் வாய்ப்பாடும் ஆத்திசூடியும் வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது உடனே வராத பிள்ளை, பெரிய கணக்கில் யோசிக்க வேண்டிய இடத்தில் விரலை எண்ணிக்கொண்டிருக்கும். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது, திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நீண்ட நாள் நிலைக்கும் என்று ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் காட்டினர். மனனம் வீட்டின் அடித்தளம் போன்றது. அடித்தளத்தை மட்டும் கட்டிவிட்டுக் குடிபுக முடியாது.

திருக்குறளில் கல்வி 40ஆம் அதிகாரம், அறிவுடைமை 43ஆம் அதிகாரம். இடையில் 42ஆம் அதிகாரம் கேள்வி. வள்ளுவர் அங்கே சொல்வது கற்றவர் சொல்லைச் செவிவழிக் கேட்டறிவதை. இன்று அதே சொல் வினாவையும் குறிக்கிறது. இரண்டு பொருளும் வகுப்பறைக்குத் தேவை. ஆசிரியர் சொல்வதைப் பிள்ளை கேட்க வேண்டும், பிள்ளை கேட்பதை ஆசிரியரும் கேட்க வேண்டும்.

பெற்றோர் கையில் இருப்பது

வகுப்பறை மதிப்பீடு இப்போது 1 முதல் 6 வரை அடைவுநிலைகளைக் காட்டுகிறது. முதல் நிலையில் பிள்ளைக்குத் தெரியும். இரண்டாவதில் தெரிவதோடு புரியும். மூன்றாவதில் செய்யவும் முடியும். அதற்கு மேல் போகப் போகப் பிறருக்கு முன்மாதிரியாகச் செய்து காட்டும் திறன். 'என் பிள்ளைக்கு எத்தனை?' என்று எண்ணை மட்டும் கேட்டால் இதுவும் பழைய மார்க் ஆகிவிடும். 'மூன்றிலிருந்து நான்குக்குப் போக அவன் என்ன செய்து காட்ட வேண்டும்?' என்று கேட்டால், ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இடையே உண்மையான பேச்சு தொடங்கும்.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஒரு பாடத்தில் பயிற்சி நூலின் பக்கங்கள் நிரம்பவில்லை என்றால் முதலில் புகார் செய்வது பல வேளைகளில் பெற்றோர்தான். பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று, சுண்ணாம்புக் குன்றைக் காட்டி, மழைநீர் எப்படிக் குகையைக் குடைந்தது என்று பேசிய ஆசிரியரிடம், "இன்று பாடம் நடக்கவில்லையா?" என்று கேட்டால், அடுத்த முறை அவர் வகுப்பை விட்டு வெளியே வரமாட்டார். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கட்டடத்துக்கும் கூரைக்கும் ஒதுக்கும் நேரத்தில் கால்மணியாவது கற்பித்தலுக்கு ஒதுக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியது இன்னும் எளிது. இரவு உணவின்போது மூன்று கேள்விகள் போதும். இன்று பள்ளியில் நீ என்ன கேள்வி கேட்டாய்? இன்று படித்ததை எனக்குச் சொல்லிக்கொடு, பார்க்கலாம். அதை நம் வீட்டில் அல்லது நம் ஊரில் எங்கே காணலாம்? அம்மாவுக்கு அறிவியல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தெரியாதவருக்கு விளக்கும்போதுதான் பிள்ளைக்குத் தனக்கு எது புரியவில்லை என்பது தெரியவரும். தாய்மொழியில் அந்த விளக்கம் தடையின்றி வந்தால், படிவம் ஒன்றின் வாசலில் அந்தப் பிள்ளை திகைத்து நிற்காது.

மார்க் எத்தனை என்ற கேள்வியை முற்றாக விட்டுவிட வேண்டியதில்லை. எஸ்.பி.எம். இருக்கும்வரை அதுவும் இருக்கும். ஆனால், அது இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும். முதல் கேள்வி, "ஏன் அப்படி?" என்பதாக இருக்கட்டும். கேட்டுவிட்டு மூன்று விநாடி பொறுங்கள், பிள்ளை யோசிக்கட்டும்.